பூவாலி தைத்த தலையணை உறை

ஆற்றங்கரை இலுப்பை மரத்தில் பூவாலி என்றோர் அணில் இருந்தாள். அவளுடைய ஒரே தங்கை கொறிச்சி அக்கரையில் வாக்கப்பட்டிருந்தாள். ஒருநாள் காகம் சேதி கொண்டுவந்தது.

"பூவாலி! உன் தங்கை நாளை வருகிறாள். அவர்கள் இருந்த மரத்தை வெட்டிவிட்டார்களாம். குடும்பத்தோடு மேற்கு மலைக்கே போய்விடப் போகிறார்கள். அதற்கு முன்னால் நாலு நாள் உன்னோடு இருக்க வேண்டுமாம்!"

பூவாலிக்குச் சந்தோஷமும் வந்தது, அழுகையும் வந்தது. கூட்டைச் சுற்றிப் பார்த்தாள். இலவம்பஞ்சுத் தலையணை இரண்டு இருந்தன. உறையில்லாமல் மொட்டையாய்க் கிடந்தன.

'தூரம் போகிறவள். அழகான தலையணையில் படுத்துவிட்டுப் போகட்டும்' என்று நினைத்தாள். உடனே நாவல் மரத்துத் தையல்சிட்டிடம் ஓடினாள்.

தையல்சிட்டு பூவேலை செய்த உறைகளைக் கிளையில் தொங்கவிட்டிருந்தது.

"என்ன விலை?"

"ஓர் உறை இருபது கடலை. இரண்டும் நாற்பது."

"நாற்பதா! அநியாயம்! முள்வேலியில் சேலைத்துணி கிழிந்து தொங்குகிறது, அது சும்மா. ஊசிக்குக் கருவேல முள், அதுவும் சும்மா. பூவில் பதிக்கக் குன்றிமணி வழியெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. நூலுக்கு மட்டும் ஐந்து கடலை. நானே தைத்தால் முப்பத்தைந்து மிச்சம்!"

"தைக்கலாமே. ஆனால் எனக்கே ஓர் உறைக்கு ஒரு பொழுது ஆகிறது. உனக்குக் கை பழகவில்லையே, அம்மா" என்றது சிட்டு.

"பொழுதுக்கு யார் கடலை கேட்கப் போகிறார்கள்?" என்று சொல்லிவிட்டு, நூலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள் பூவாலி.

மறுநாள் காலை கொறிச்சி வந்தாள். ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, வா! அத்தி பழுத்திருக்கிறதாம். போய்த் தின்னலாம்!"

"இந்த ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டு வருகிறேன். நீ போ."

ஓரம் கோணிக்கொண்டு போனது. பிரித்தாள். மறுபடியும் தைத்தாள். மறுபடியும் பிரித்தாள். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கொறிச்சி தனியாகப் போய்த் தனியாகத் திரும்பி வந்தாள்.

இரண்டாம் நாள் குன்றிமணி சதி செய்தது. கல்லுமாதிரி இருந்த மணியில் முள் இறங்கவே இல்லை. ஏழு முள் ஒடிந்தது. கடைசியில் எட்டுக் கடலை கொடுத்து முயலிடம் வேப்பம்பிசின் வாங்கி ஒட்டினாள். நூல் தீர்ந்துபோய், அதற்கு இன்னொரு பத்துக் கடலை போனது.

மூன்றாம் நாள் கொறிச்சி எங்கும் போகவில்லை. அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மலையைப் பற்றி, மாமியாரைப் பற்றி, மனசில் கிடந்த எதையெதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள். பூவாலி பூவின் இதழை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா."

"ம்... அந்த நூல்கண்டை எடு."

கொறிச்சி எடுத்துக் கொடுத்தாள். அக்காவை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "எனக்கு உறை எதற்கு? நீ பக்கத்தில் படுத்தால் போதாதா?" என்றாள்.

"இன்னும் ஒரே ஒரு பூதான்! நாளைக்கு முழுவதும் உன்னோடுதான் இருப்பேன். பேசிக்கொண்டே இருக்கலாம்!"

நான்காம் நாள் விடிந்தபோது மேற்கே வானம் கறுத்திருந்தது. காகம் அலறிக்கொண்டு வந்தது.

"கொறிச்சி, கிளம்பு! மலையில் மழை பிடித்துவிட்டது! ஆற்றில் தண்ணீர் இறங்கி வருகிறது!"

பூவாலி கையிலிருந்த முள்ளைப் போட்டுவிட்டு ஓடினாள். ஆற்று மணலில் அக்காளும் தங்கையும் ஒரு வார்த்தைகூடச் சரியாகப் பேசிக்கொள்ள முடியவில்லை. கொறிச்சி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அக்கரை ஏறினாள். சற்று நேரத்தில் செந்நிறத் தண்ணீர் கரை தொட்டுப் போனது.

அன்று மாலை இரண்டாவது உறையும் முடிந்தது. அழகாகத்தான் இருந்தது. பூவாலி அதைத் தலையணைக்கு மாட்டவில்லை.

மழைக்காலம் முடிந்து ஆறு வற்றியது. பூவாலி அக்கரைக்கு ஓடிப் பார்த்தாள். வெட்டிய அடிமரம் மட்டும் இருந்தது. மலையில் எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்லக்கூட அங்கே ஆளில்லை.

திரும்பி வந்தவளிடம் காகம் கேட்டது: "மூன்றாம் நாள் முழுக்க உன் தங்கை உன்னிடம் பேசிக்கொண்டிருந்தாளே! பயம் என்றது மட்டும் என் காதில் விழுந்தது. அப்படி எதற்குத்தான் பயந்தாள்?"

பூவாலி சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை.

வாங்குவதா, கையால் செய்வதா என்று விலை பார்க்கிறவர்கள் அதற்குப் போகும் நாளையும் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடலையை மறுபடி பொறுக்கிச் சேர்க்கலாம், போன நாளைச் சேர்க்க முடியாது.