தண்டபாணியின் வேண்டுதல்

பழனி அடிவாரத்தில் மலை இறங்கி வருகிறவர்களுக்குச் சோறு போடும் சின்ன மடம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் சடையப்ப சாமி. சடை பெயரில் மட்டும்தான். தலை வெண்கலச் செம்பு மாதிரி இருக்கும்.

கிருத்திகைதோறும் தாராபுரத்திலிருந்து தண்டபாணி வந்து பந்தியில் பரிமாறுவான். துணிக்கடைக்காரன். சாமிக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவன்தான் அவரைக் குருவாக வரித்துக்கொண்டான். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கிருத்திகைக்குத் தொப்பியோடு வந்தான்.

"வெயிலா?" என்றார் சாமி.

தொப்பியை எடுத்துக் காட்டினான். போன வருடம் பின்னந்தலையிலிருந்து முடி எடுத்து முன்னந்தலையில் நட்டிருந்தார்கள். தண்ணீர் பாயாத வயலில் பயிர் நிற்பதுபோல அங்கங்கே நின்றது.

"டாக்டர் என்ன சொல்றார்?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரி பிடிக்காதுன்னு முன்னாடியே சொன்னேனேங்கறார். இன்னொரு தடவை வைக்கலாமாம். ஆனா பின்னாடி எடுக்க இருக்கறது அந்த ஒரு தடவைக்குத்தானாம். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கார். அதுவும் பிடிக்கலைன்னா ரெண்டு பக்கமும் போச்சு சாமி."

"நீ என்ன சொன்னே?"

"போறப்பெல்லாம் சண்டைதான். அவர் தலையைக் குனிஞ்சுகிட்டுக் கேட்டுக்குவார்."

சாமி வாழை இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணும் இருக்கு," என்றான் தண்டபாணி. "ஆபரேஷன் அன்னிக்குக் குப்புறப் படுக்க வச்சுப் பின்னந்தலையில ஊசி போட்டாங்க. பயத்துல முருகனுக்கு ஒண்ணு நேர்ந்துகிட்டேன்."

"என்னன்னு?"

"முடி வளர்ந்தா மலைக்கு வந்து மொட்டை போடறேன்னு."

சாமியின் கை இலைமேல் நின்றது.

"எங்க வீட்ல எந்தக் காரியத்துக்கும் மொட்டைதான் வேண்டுதல். வாயில அதுதான் வந்துச்சு. வீட்டுக்காரி வடிவுகிட்டச் சொன்னேன். சிரிச்சுச் சிரிச்சு அவளுக்குப் புரையேறிடுச்சு."

"வளர்ந்தான்னு சொன்னியா, அடர்த்தியா வளர்ந்தான்னு சொன்னியா?"

"வளர்ந்தான்னுதான். அடர்த்தியெல்லாம் அப்ப நினைப்புலயே வரலை. இது வளர்ந்த கணக்கா, வளராத கணக்கா? நீங்கதான் சொல்லணும். திங்கட்கிழமை நான் போகவா, வேண்டாமா?"

"முதல்ல ரசம் ஊத்து. பந்தி உக்காந்தாச்சு. தொப்பியைக் கழட்டி வச்சுட்டுப் போ. ரசத்துல விழும்."

தண்டபாணி தயங்கினான். பிறகு தொப்பியைச் சமையல்கட்டு ஆணியில் மாட்டிவிட்டு ரச வாளியைத் தூக்கினான்.

ரசம் ஊற்றக் குனிய வேண்டும். ஒவ்வொரு இலைக்கும் ஒரு தடவை தலையைக் காட்டியாக வேண்டும். முதல் சில இலைகளுக்கு அவன் காது சுட்டது. யாரும் தலையைக் கவனிக்கவில்லை. பசித்தவர்கள் ரசத்தைப் பார்த்தார்கள். "இன்னும் கொஞ்சம்," என்றார் ஒருவர். "தெளிவா ஊத்துங்க," என்றார் இன்னொருவர்.

வரிசைக் கோடியில் ஓர் அம்மாள், அன்று போட்ட மொட்டை, சந்தனம் காயவில்லை. பக்கத்தில் கணவர், ஆளே வற்றிப்போயிருந்தார். அவன் குனிந்ததும் அம்மாள் அவன் தலையை உற்றுப் பார்த்தாள்.

"ஏனுங் தம்பி, நீங்க எப்பப் போட்டீங்க? முளைச்சு வருதே."

"மாரக்கா, சும்மா சாப்புடு," என்றார் கணவர்.

"கேட்டா என்னங்க? எனக்கு எப்ப முளைக்கும்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"இது ஒரு வருசத்துதுங்க," என்றான் தண்டபாணி.

அம்மாள் தன் தலையைத் தடவிக்கொண்டாள். உள்ளங்கையில் சந்தனம் ஒட்டியது.

"ஒரு வருசத்துக்கு இவ்வளவா? சரி, வந்தவரைக்கும் போதும். முழங்கால் வரைக்கும் இருந்துச்சு தம்பி. இவரு ஆஸ்பத்திரியில கண்ணே தொறக்கலை. இப்ப பாருங்க, ரசத்துல உப்புக் கம்மின்னு சொல்றாரு."

"கம்மிதான்," என்றார் கணவர்.

அம்மாள் சிரித்தாள். "நீங்க எதுக்கு நேர்ந்துகிட்டீங்க தம்பி?"

தண்டபாணி அம்மாளின் மொட்டையையே பார்த்தான். கை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தது. ரசம் இலையைத் தாண்டி ஓடியபோதுதான் கரண்டியை நிமிர்த்தினான்.

பந்தி முடிந்தது. சாமி வாசலில் அண்டா கழுவிக்கொண்டிருந்தார்.

"சாமி, முளைச்சிருக்காம்."

"யார் சொன்னா?"

"கடைசி இலையில இருந்த அம்மா."

"அவங்களுக்கு முடியைப் பத்தி என்ன தெரியும்?"

"இன்னிக்குத்தான் குடுத்துட்டு வந்திருக்காங்க."

"அப்பத் தெரிஞ்சவங்கதான்."

தண்டபாணி தலையில் கை வைத்தான். முன்னந்தலையில் குறுமுடி விரலில் உரசியது. கை தானாகப் பின்னந்தலைக்குப் போய், எடுத்த இடத்தில் கொஞ்ச நேரம் இருந்தது.

"அப்ப முருகனுக்குக் கடன்பட்டிருக்கேன்."

சாமி அண்டாவைக் கவிழ்த்து வைத்தார்.

"மொட்டை போட்டா, மறுபடி இந்த அளவாவது வருமா சாமி?"

"வளர்ந்தாக் குடுக்கறேன்னு சொன்னே. குடுத்தா வளரணும்னு சொல்லலையே."

தண்டபாணி சிரித்துவிட்டான். முகம் கழுவி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முடிக்காணிக்கை மண்டபத்துக்குக் கிளம்பினான். தொப்பி ஆணியிலேயே கிடந்தது. தெருமுனை வரை போனவன் திரும்பி வந்தான்.

"சாமி, திங்கட்கிழமை டாக்டர் காத்துகிட்டு இருப்பாரே. அவர்கிட்ட என்ன சொல்ல?"

"மொட்டைத் தலையோடயே போ. முடி வளர்ந்துச்சுங்க டாக்டர்னு சொல்லு. அந்த மனுசனும் அதைக் காதால கேட்டு எத்தனை நாளாச்சோ."