மிஞ்சாத மாவு

சுயம்புலிங்கத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்தொன்று.

குருவின் பெயர் செண்பகவல்லி. ஊர் கோவில்பட்டி. போலந்தின் தலைநகரில் பத்து வருடமாகத் தோசைக்கடை நடத்துகிறவர். கப்பல் வேலையை விட்டுவிட்டு வந்த சுயம்புலிங்கம் அவரிடம் ஆறு மாதம் நின்று தொழில் கற்றுக்கொண்டார். வயதில் சின்னவர்தான், ஆனாலும் "மாஸ்டர்" என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார். பிறகு வடக்கே ஒரு துறைமுக ஊருக்குப் போய்த் தனியாகக் கடை போட்டார்.

பதினோராவது மாதம் அவரிடமிருந்து போன் வந்தது.

"கடையை மூடிரலாம்னு இருக்கேன் மாஸ்டர். அடுத்த வருஷமும் கடை வேணுமான்னு வெள்ளிக்கிழமை மூணு மணிக்குள்ள கட்டடக்காரருக்குப் பதில் சொல்லணும்."

"அப்படியா. வெள்ளிக்கிழமை நான் வந்து ஒரு தோசை சாப்பிட்டுக்கிறேன். அதுக்கப்புறம் மூடுங்க."

வெள்ளிக்கிழமை ஒன்றேகால் மணிக்குச் செண்பகவல்லி வந்து கண்ணாடிக் கதவைத் தட்டினார். 'தோசை முடிந்தது' என்று அந்த ஊர் மொழியில் எழுதிய பலகை கதவில் தொங்கியது. சுயம்புலிங்கம் கதவைத் திறந்து அவரை உள்ளே விட்டு, மறுபடியும் பூட்டினார்.

"தோசை எங்க அண்ணாச்சி? ரயில்ல ஒண்ணும் சாப்பிடாம வந்திருக்கேன்."

"மாவு தீர்ந்துருச்சு மாஸ்டர்."

"குருவுக்கே தோசை இல்லையா? நல்ல சிஷ்யப்பிள்ளை."

சுயம்புலிங்கத்துக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் நிமிர்ந்துதான் நின்றார்.

"ஏழு மாசமா என் கடையில ஒரு கரண்டி மாவு மிஞ்சினது கிடையாது, மாஸ்டர். புளிச்ச மாவை மறுநாள் ஊத்துற கை இல்லை இது. நீங்க சொல்லிக் குடுத்தது."

"அப்ப நல்லா ஓடுற கடையை எதுக்கு மூடுறீங்க?"

"எங்க ஓடுது? இருபது பேர் வர்றாங்க. அதுக்கு மேல ஒரு ஆள் வர்றதில்லை."

செண்பகவல்லி கதவைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தார். சுயம்புலிங்கம் எதிரே, தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அவருக்கு அதுதான் வழக்கம். அந்தத் தெருவைப் பார்க்கவே அவருக்குப் பிடிப்பதில்லை.

"மொதல்ல எவ்வளவு அரிசி போட்டீங்க?"

"மூணு கிலோ. அறுபது பேர் வருவாங்கன்னு. வந்தது இருபத்தஞ்சு பேர். சாயங்காலம் மூடியைத் திறந்தா பாதிப் பாத்திரம் மாவு என்னைப் பார்த்து இளிச்சுக்கிட்டு இருக்கும்."

செண்பகவல்லி எழுந்து போய் அடுக்கிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து மேஜையில் வைத்தார்.

"சொல்லுங்க."

"ரெண்டு கிலோவாக் குறைச்சேன். அப்பவும் கொஞ்சம் மிஞ்சுச்சு. நாலு மாசம் இதே கதை. ஒரு கிலோ ஆக்கினேன். அதோட சரியாப் போச்சு."

இன்னும் இரண்டு தட்டு வந்தது. மாஸ்டருக்குச் சும்மா உட்காரத் தெரியாது என்று சுயம்புலிங்கம் நினைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு மட்டும் நம்பிக்கை எப்படி மாஸ்டர் நிக்குது? எனக்கு என் மேலயே சந்தேகம் வந்துருச்சு. என் தோசைதான் சரியில்லையோ? இல்லை, இந்த ஊருக்கு நான் சரியில்லையோ? காலையில கல்லைத் துடைக்கும்போதே கை தளர்ந்துபோகுது."

செண்பகவல்லி மறுபடி கதவைப் பார்த்தார். எழுந்தார். ஒரு தட்டு. கொஞ்ச நேரம் கழித்து மூன்று.

சுயம்புலிங்கம் பேச்சை நிறுத்தினார். மேஜையில் ஏழு தட்டுகள் பளபளத்தன.

"யாருக்கு மாஸ்டர் இத்தனை தட்டு? மாவுதான் இல்லையே."

"இது ஒரு ஆளுக்கு. மஞ்சள் கோட்டுப் போட்டிருந்தார். பலகையைப் படிச்சுட்டு, கண்ணாடியில கையை வச்சு உள்ள எட்டிப் பார்த்துட்டுப் போனார். இது ரெண்டும் ஒரு புருஷன் பொண்டாட்டிக்கு. இது நாய் கூட்டிட்டு வந்த ஒரு கிழவருக்கு. இந்த மூணும் காலேஜ் பிள்ளைகளுக்கு. அதுல ஒருத்தி காலால தரையை ஒரு எத்து எத்திட்டுப் போனா. சரியான கோவக்காரி."

சுயம்புலிங்கம் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் ஒரு பெண் பலகைக்கு முன்னால் நின்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். அவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். தனக்குத் தெரிந்த கொஞ்சம் போலிஷ் மொழியில் மன்னிப்புக் கேட்டார். அவள் நான்கு விரலைக் காட்டினாள்.

"நாலாவது தடவை வர்றேன். என்னோட வேலை செய்றவங்க எல்லாம் சாப்பிட்டாச்சு. நான்தான் பாக்கி. நல்லா இருக்குமாமே, நிஜமா?"

"நிஜம்" என்றார் சுயம்புலிங்கம். அதை அவர் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

திரும்பி வந்தவர் மேஜைக்கு அருகில் நின்றார். வெகுநேரம் தட்டுகளையே பார்த்தார். இருபது பேருக்கு ஆட்டிவிட்டு, இருபது பேர்தான் வருகிறார்கள் என்று ஏழு மாதம் ஊரைக் குறை சொல்லியிருக்கிறார்.

"மொத வருஷம் உங்களுக்கு மாவு மிஞ்சலையா, மாஸ்டர்?"

"தினமும் மிஞ்சுச்சு."

"என்ன செஞ்சீங்க?"

"தின்னோம். ஒரு வருஷம் வீட்டுல வேற சாப்பாடே கிடையாது. இன்னைக்கும் தோசைன்னு சொன்னாப் போதும், என் வீட்டுக்காரர் எந்திரிச்சு வெளிய போயிடுவார்."

சுயம்புலிங்கம் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. போனை எடுத்துக் கட்டடக்காரரைக் கூப்பிட்டார். கடை இருக்கும், நாளைக்கும் இருக்கும், அடுத்த வருஷமும் இருக்கும் என்றார். எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். அதற்கும் "இருக்கும்" என்றார்.

பிறகு அடுக்களைக்குப் போய் அரிசி டப்பாவைத் திறந்தார். படியைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நாளைக்கு எவ்வளவு ஊறப்போடட்டும், மாஸ்டர்?"

செண்பகவல்லி கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"மிஞ்சுற அளவுக்குப் போடுங்க, அண்ணாச்சி."