சுவரைப் பார்த்த ஆசனங்கள்

முன்னொரு காலத்தில் ஒரு மன்னர் பக்கத்து நாட்டுக்கு விருந்துக்குப் போய்விட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். அவர் பெயர் மகரவர்மர். போரில் தோற்று வந்தபோதுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை. விஷயம் வேறொன்றுமில்லை. பக்கத்து நாட்டு மன்னர் விருந்தினரோடு உட்கார்ந்து பேசுவதற்கென்றே ஒரு கூடம் அமைத்திருந்தார். சுவர்களுக்கு மாதுளம்பூ நிறம். அதற்குப் பொருத்தமாக வெளிர் மஞ்சள் பட்டு மெத்தைகள், தந்தப் பூவேலை செய்த இருக்கைகள், கால் புதையும் கம்பளம். மகரவர்மர் அங்கே என்ன சாப்பிட்டோம் என்பதையே மறந்துவிட்டார். கூடத்தை மட்டும் மறக்க முடியவில்லை.

மறுநாள் சபையில் அவர் குமுறினார்.

"நம் அரண்மனையிலும் ஒரு கூடம் இருக்கிறது. உள்ளே போனால் கிணற்றுக்குள் இறங்கியதுபோல் இருக்கிறது. அடுத்த பௌர்ணமிக்கு அந்த மன்னர் இங்கே வருகிறார். நம் கூடத்தைப் பார்த்து அவர் வாய் பிளந்து நிற்க வேண்டும்!"

அவர் சொன்னதில் பொய் இல்லை. காலமாகிவிட்ட பெரிய ராஜா அமைத்த கூடம் அது. தேக்கு ஊஞ்சலும் சாய்மானப் பலகைகளும் பெரிய ராஜாவின் கருங்காலி ஆசனமும் அங்கே இருந்தன. எல்லாம் நல்ல பொருள்கள்தான். ஆனால் கூடம் எப்போதும் இருண்டு கிடந்தது. உள்ளே நுழைகிறவர்களுக்கு இருக்கைகளின் முதுகுதான் முதலில் தெரியும். சுற்றி வந்து உட்கார்ந்தால் எதிரே மொட்டைச் சுவர். அதனாலேயே அந்தப் பக்கம் யாரும் அதிகம் போவதில்லை.

அரண்மனை அலங்கார அதிகாரி தாமோதரர் உடனே எழுந்தார்.

"கவலையை விடுங்கள், அரசே! பழைய சாமான்களை வெளியேற்றிவிட்டுச் சுவர்களுக்குத் தாழம்பூ நிறம் பூசி, புதிய இருக்கைகளைப் போட்டுவிடுகிறேன்."

மன்னர் மகிழ்ந்தார். ஆனால் அந்த மகிழ்ச்சி அன்று மாலைவரைகூட நீடிக்கவில்லை. செய்தி கேட்டதும் தாய் மகாராணி நேரே மகனிடம் வந்தார்.

"உன் அப்பா வைத்த இடத்திலிருந்து ஒரு முக்காலிகூட நகரக் கூடாது. புதிதாக எந்தச் சாமானும் உள்ளே வரக் கூடாது. சுவரில் ஒரு சொட்டு வர்ணம் படக் கூடாது."

"அம்மா, நான் இந்த நாட்டுக்கு அரசன்."

"இருந்துகொள். நான் உனக்கு அம்மா."

அதோடு பேச்சு நின்றது. அன்று முதல் மன்னர் தனியாகச் சாப்பிட்டார். தாயார் தம் அறையை விட்டு வெளியே வரவில்லை.

நடுவில் மாட்டிக்கொண்டவர் தாமோதரர். கூடத்தை மாற்றினால் தாய் மகாராணி விடமாட்டார். மாற்றாவிட்டால் மன்னர் விடமாட்டார். யோசித்துப் பார்த்தவருக்கு விகடகவி பிச்சாண்டியின் நினைவு வந்தது. பிச்சாண்டி என்றாலே தாமோதரருக்கு வயிறு எரியும். தாம் அரைநாள் பேசினாலும் கொட்டாவி விடுகிற மன்னர், பிச்சாண்டி இருமினால்கூடச் சிரிக்கிறாரே என்ற எரிச்சல். தம் தலையில் விழுந்த பாரத்தை அந்த ஆள் தலைக்கு மாற்றிவிட்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தார்.

"அரசே," என்றார் மறுநாள் சபையில், "தங்கள் விருப்பமும் நிறைவேற வேண்டும், தாய் மகாராணியின் சொல்லும் நிற்க வேண்டும். அதற்குக் கைத்திறன் போதாது. புத்திக்கூர்மை வேண்டும். பிச்சாண்டியாரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?"

மன்னர் அப்போதிருந்த எரிச்சலில் யாரையாவது பிடித்து உலுக்கினால் போதும் என்றிருந்தார். "சரி. பௌர்ணமிக்குள் முடித்துவிடு, பிச்சாண்டி. முடியாவிட்டால் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு என் எல்லையைத் தாண்டிப் போய்விடு."

சபையில் யாரும் சிரிக்கவில்லை. பிச்சாண்டி எழுந்து கைகூப்பினான்.

"அரசே, கட்டளையைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்கிறேன். கூடத்தில் உள்ள பொருள் எதுவும் நகரக் கூடாது. புதிய சாமான் வரக் கூடாது. வர்ணம் பூசக் கூடாது. அப்படியும் கூடம் புதிதாக வேண்டும்."

"ஆமாம்."

"இந்த மூன்று தடைகள்தானே? நாளைக்கு நான்காவதாக ஒன்று வராதே?"

"இந்த மூன்றையும் தாண்ட உனக்கு வழி தெரியவில்லை. நான்காவது எதற்கு?" என்றார் மன்னர் சலிப்போடு. "வராது, போ."

பிச்சாண்டி வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னான். அவன் மனைவி வடிவாம்பாள் பரணிலிருந்து பெரிய கோணிப்பையை எடுத்து உதறினாள்.

"என்னடி செய்யறே?"

"ஏனம், சட்டி பானை எல்லாம் கட்டறேன். வேறென்ன செய்ய? ஆமா, அம்மிக்கல்லை எப்படித் தூக்கிட்டுப் போறதாம்?"

"கொஞ்சம் பொறு. இன்னும் ஒண்ணும் ஆகலையே."

"உங்க வாய் சும்மா இருந்திருந்தா அந்த அதிகாரி உங்களைக் கோத்துவிட்டிருப்பாரா? போன மாசம் அவர் தலைப்பாகையைப் பார்த்து என்ன சொன்னீங்க?"

"கோழி அடைகாக்கலாம்னு சொன்னேன்."

"சொல்லுவீங்க! இப்ப எந்த ஊர்ல போய் அடுப்பு மூட்டறது?" என்றவள் கோணிப்பையைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சபையில் வராத பயம் பிச்சாண்டிக்கு அப்போதுதான் வந்தது.

மறுநாள் காலையிலேயே கூடத்துக்குப் போனான். தாமோதரர் அவனுக்கு முன்பே அங்கே வந்திருந்தார். ஒரு கிண்ணத்தில் சுண்ணாம்பைக் குழைத்து வைத்துக்கொண்டு, ஊஞ்சலுக்கு நேர் கீழேயும் ஒவ்வொரு இருக்கையின் காலைச் சுற்றியும் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"அதிகாரி, கோலமா?"

"காவல்," என்றார் தாமோதரர். "எள்ளளவு நகர்ந்தாலும் கோடு காட்டிக் கொடுத்துவிடும்."

"நல்லது. அழுத்தமாகப் போடுங்கள்."

அவர் போனதும் பிச்சாண்டி ஒவ்வொரு இருக்கையிலும் உட்கார்ந்து பார்த்தான். ஊஞ்சலில் உட்கார்ந்தால் எதிரே கிழக்குச் சுவர். பலகையில் உட்கார்ந்தாலும் அதே சுவர். கருங்காலி ஆசனத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தான். அதற்கும் எதிரே அதே சுவர்தான்.

'பெரிய ராஜா ரசனை உள்ளவர் என்று ஊரே சொல்லும். அவர் எதற்காக எல்லா இருக்கையையும் ஒரு மொட்டைச் சுவரைப் பார்த்துப் போட்டார்? வந்தவர்கள் சுவரோடா பேசிக்கொண்டிருந்தார்கள்?'

குனிந்து தரையைப் பார்த்தான். கல் தரையில் ஆள் நடந்து நடந்து வழவழப்பான தடம் ஒன்று இருந்தது. இப்போது எல்லோரும் நுழைகிற தாழ்வாரக் கதவிலிருந்து அது வரவில்லை. கருங்காலி ஆசனத்திலிருந்து நேரே போய்க் கிழக்குச் சுவரில் முட்டி நின்றது. பிச்சாண்டி எழுந்து போய்ச் சுவரைத் தட்டினான். ஓரத்தில் கனமான சத்தம் வந்தது. நடுவில் சத்தம் வேறு மாதிரி இருந்தது.

அவன் நேரே தாய் மகாராணியின் அறைக்குப் போய் வாசலில் நின்றான்.

"என்ன, என் மகன் தூது அனுப்பினானா?" என்றார் அவர்.

"இல்லை, தாயே. ஒன்று கேட்க வந்தேன். கிழக்குச் சுவரில் இருந்த கதவு இப்போது எங்கே?"

தாய் மகாராணி திடுக்கிட்டார்.

"அது உனக்கு எப்படித் தெரியும்? என் மகனுக்கே தெரியாதே. அவன் அப்போது சின்னப் பிள்ளை. வில்வித்தை படிக்க என் அண்ணன் ஊரில் இருந்தான்."

"பெரிய ராஜாவின் ஆசனம் இன்னும் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது, தாயே."

தாய் மகாராணியின் கண்கள் கலங்கின. "வெளியே தாமரைக் குளம். அதைப் பார்த்துத்தான் அவர் எல்லாவற்றையும் போட்டார். விருந்தாளிகள் குளத்துப் படி வழியாகத்தான் வருவார்கள். கடைசி வருஷம் அவருக்கு இருமல். குளத்துக் காற்று ஆகாது என்றார் வைத்தியர். சாத்தி வைத்தால் அவரே எழுந்து போய்த் திறந்துவிடுவார். அதனால் நான்தான் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னேன். கதவு பின்கட்டில் கிடக்கிறது. அவர் போன பிறகு அதைத் திறக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை."

"தாங்கள் எதையும் நகர்த்தக் கூடாது என்றீர்கள். நான் நகர்த்தமாட்டேன். திறக்கக் கூடாது என்று தாங்கள் சொன்னதாக நினைவில்லை."

அவர் பிச்சாண்டியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "புழுதி அந்த ஆசனத்தின் மேல் படாமல் துணி போட்டு மூடிவிட்டு வேலையைச் செய்யச் சொல்," என்றார்.

வேலை தொடங்கியது. கொத்தனார் செங்கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். பணிப்பெண்கள் ஈரத் துணியால் மற்றச் சுவர்களில் படிந்திருந்த விளக்குப் புகையைத் துடைத்தார்கள். பின்கட்டிலிருந்து வந்த பழைய கதவு பழைய நிலைச்சட்டத்தில் இடுக்கில்லாமல் பொருந்தியது. இடிக்கும் சத்தம் கேட்ட நாளிலேயே தாமோதரர் துள்ளிக் குதித்தார். ஆனால் உடனே போய்ச் சொல்லவில்லை. குற்றம் முற்றட்டும் என்று காத்திருந்தார். பௌர்ணமிக்கு முந்தின காலையில் மன்னரிடம் ஓடினார்.

"அரசே, பிச்சாண்டி அரண்மனைச் சுவரையே உடைத்துவிட்டான்!"

மன்னர் கோபத்தோடு தாழ்வாரக் கதவு வழியாக உள்ளே நுழைந்தார். நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

காலை வெயில் குளத்துத் தண்ணீரில் பட்டு, கூடத்தின் கூரையில் அலை அலையாக ஆடிக்கொண்டிருந்தது. கறுப்பு என்று எல்லோரும் நினைத்திருந்த சுவர்கள் வாழைக் குருத்தைப்போல் இளம்பச்சையாக இருந்தன. ஊஞ்சல் மெத்தையின் சிவப்பு அந்தப் பச்சையின் நடுவே எடுப்பாகத் தெரிந்தது. தேக்கும் கருங்காலியும் நேற்றுத்தான் மெருகேற்றியதுபோல் மின்னின. திறந்திருந்த கதவுக்கு வெளியே குளம் நிறையத் தாமரைகள்.

"வர்ணம் பூசியிருக்கிறான், அரசே!" என்று கத்தினார் தாமோதரர்.

"தொட்டுப் பாருங்கள், அதிகாரி," என்றான் பிச்சாண்டி. "பெரிய ராஜா பூசிய வர்ணம் இது. நான் துடைத்தேன், அவ்வளவுதான்."

தாமோதரர் சுவரை விரலால் தேய்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"அப்படியானால் இருக்கைகளைத் திருப்பிப் போட்டிருக்கிறான்! முன்பு எல்லாம் சுவரைப் பார்த்துத்தானே இருந்தன!"

"கீழே பாருங்கள். தங்கள் சுண்ணாம்புக் கோடு தங்களிடம் பொய் சொல்லுமா?"

மன்னர் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு காலும் கோட்டுக்குள் இம்மி பிசகாமல் நின்றது.

"புதிய சாமான் வரக் கூடாது என்பதுதானே கட்டளை. அந்தக் கதவு?"

"அது புதிது இல்லை, அரசே. தங்களுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அது இங்கே இருந்தது."

"சுவர்? சுவரை உடைக்க உனக்கு யார் உத்தரவு கொடுத்தார்கள்?"

"மூன்று தடைகள் சொன்னீர்கள். நான்காவது வராது என்றும் சொன்னீர்கள். அந்த மூன்றில் சுவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே, அரசே."

அப்போது குளத்துப் படியில் காலடி கேட்டது. கிழக்குக் கதவு வழியாகத் தாய் மகாராணி உள்ளே வந்தார். வாசலில் ஒரு கணம் நின்று, நிலைப்படியைத் தொட்டார். பிறகு வழவழத்த தடத்தில் நடந்து கருங்காலி ஆசனத்தின் அருகே வந்தார்.

"உடைத்தது அவன் இல்லை, நான்," என்றார் மகனிடம். "அடைத்ததும் நான்தான். உன் அப்பா இதில் உட்கார்ந்து படியேறி வருகிறவர்களைப் பார்ப்பார். நீ ஊரிலிருந்து வருவாய் என்று எத்தனை சாயங்காலம் பார்த்துக்கொண்டிருந்தார், தெரியுமா? வா, உட்கார்."

மன்னர் தயங்கினார். அந்த ஆசனத்தில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. தாயார் கையைப் பிடித்து உட்கார வைத்ததும் அவர் குளத்துப் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "சாப்பிட்டீர்களா, அம்மா?" என்று கேட்டார்.

மறுநாள் பக்கத்து நாட்டு மன்னர் வந்தார். குளத்துப் படியேறி வாசலுக்கு வந்தவர் உள்ளே காலெடுத்து வைக்காமல் அப்படியே நின்றார். "இந்த அலங்காரம் யார் கைவேலை?" என்று கேட்டார்.

"என் தந்தையார் செய்தது," என்றார் மகரவர்மர். அதற்கு மேல் பெருமை பேச அவருக்குத் தோன்றவில்லை.

விருந்தினர் ஊர் திரும்பிய பிறகு மன்னர் சபையைக் கூட்டினார். பிச்சாண்டிக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, வடிவாம்பாளுக்குத் தங்க வளையல்களும் இரண்டு கறவை மாடுகளும் கொடுத்தார்.

"இன்னும் முடியவில்லை," என்றார். "இன்று முதல் தாமோதரரின் பதவியும் உனக்குத்தான்."

தாமோதரரின் முகம் வெளுத்தது. பிச்சாண்டி பதறிப்போய் இரண்டு கைகளையும் ஆட்டினான்.

"வேண்டாம், அரசே, வேண்டவே வேண்டாம்! அதிகாரி அந்தப் பதவியில் இருப்பதால்தான் என்னை மாட்டிவிடுகிறார். அவர் மாட்டிவிடுவதால்தான் நான் தப்பிக்கிறேன். நான் தப்பிப்பதால்தான் தாங்கள் பரிசு கொடுக்கிறீர்கள். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என் பிழைப்பு என்ன ஆவது?"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபை சிரித்தது. திரைக்குப் பின்னால் தாய் மகாராணி சிரிக்கும் சத்தமும் கேட்டது. சிரிக்காமல் இருக்க எவ்வளவோ முயன்ற தாமோதரர், கடைசியில் முடியாமல் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார்.