பதினோராம் மாடியும் எலுமிச்சம்பழமும்

வீடு விற்கவில்லை.

சின்ன வீடல்ல. புரசைவாக்கம் கடைத்தெருவில், பதினோராம் மாடி முழுக்க ஒரே வீடு. தரையெல்லாம் பளிங்கு. ஹாலில் கல்யாணமே நடத்தலாம். வாங்க வந்தவர்கள் காரில் வந்தார்கள், பார்த்தார்கள், வாயைப் பிளந்தார்கள். அப்புறம் வரவில்லை.

காரணம் எதிர்வாடையில் இருந்தது. ஜவுளிக்கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில் ஒரு சின்ன மடம். அதன் வாசலில் விபூதித் தட்டோடு ஆவுடையப்பன் உட்கார்ந்திருப்பார்.

வீடு வாங்குகிறவன் அக்கம்பக்கம் விசாரிக்காமல் வாங்கமாட்டான். மடத்து ஆள் பொய் சொல்லமாட்டார் என்று நேரே அவரிடம் வருவான்.

"ஐயா, எதிர்த்தாப்ல மேல்மாடி வீடு எப்படி?"

ஆவுடையப்பன் பொய் சொன்னதில்லை. ஒன்றுமே சொன்னதில்லை. கேட்டவன் நெற்றியில் பட்டையாக விபூதி பூசுவார். தட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அவன் கையில் வைத்து மூடுவார்.

"வச்சுக்குங்க. எதுக்கும் இருக்கட்டும்."

அவ்வளவுதான். அட்வான்ஸோடு வந்தவன் பழத்தோடு ஊர் போய்ச் சேருவான்.

வீட்டுக்காரர் குற்றாலிங்கம், ஆவுடையப்பனின் சகலை. அக்காளைக் கட்டியவர் ஆவுடையப்பன், தங்கையைக் கட்டியவர் குற்றாலிங்கம். ஒரே மாமனாரிடம் தீபாவளிக்கு ஒரே விலை வேட்டி வாங்கியவர்கள். அப்புறம் ஒருவர் மாடி ஏறினார், ஒருவர் ஏறவில்லை. கிரகப்பிரவேசத்தில் ஆவுடையப்பனுக்குக் கடைசிப் பந்தியில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் இலை போட்டார்கள். மனைவி செத்து, மடத்தோடு வந்து சேர்ந்து, காவி கட்டிய பிறகும் அந்தச் சாப்பாடு செரிக்கவில்லை.

மடத்துச் சாமிக்கு வயது நாற்பது. சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அதனால் சாமி அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, எலுமிச்சம்பழம் ஏன் இப்படிச் செலவாகுது?"

ஆவுடையப்பன் தட்டிலிருந்த பழங்களை அடுக்கினார். சாமி கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் சீடர்தான் உடைந்தார்.

"வயிறு எரியுது சாமி. கண்ணை மூடிச் சிவசிவான்னா அந்த மாடிதான் தெரியுது. இப்ப அதையும் வித்துட்டு, அதைவிடப் பெருசா ஒண்ணு வாங்கப் போறான். விடுவேனா? இந்தப் பொறாமை போக ஒரு வழி சொல்லுங்க."

"மேல போயிருக்கீங்களா?"

"கிரகப்பிரவேசத்தோட சரி."

"போய்ப் பாத்துட்டு வாங்க. கீரை வேகட்டும்."

கதவைத் திறந்த குற்றாலிங்கத்தின் முகத்தில் ஒரு வாரத்துத் தாடி.

"வாங்கண்ணே" என்றார்.

பால்கனிக் கதவில் சங்கிலி சுற்றிப் பூட்டு தொங்கியது. அது போதாதென்று சோபாவை இழுத்து அண்டக் கொடுத்திருந்தார்கள். அதில் குற்றாலிங்கத்தின் மனைவி கோமதி உட்கார்ந்து கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்கத்தான். அக்கா வரலியா?"

அக்காள் போய் ஆறு வருஷம். மடியில் எடுத்துப் போட்டு அழுதவளே இவள்தான்.

"முத்தத்துல வத்தல் கெடக்கு, மழை இருட்டிக்கிட்டு வருது. இவுக கதவத் தொறக்க மாட்டேங்காக. நீங்க தொறங்கத்தான். எறங்கி அள்ளிட்டு வந்திருதேன்."

குற்றாலிங்கம் அவரைச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"கீழ முற்றம் இருக்குன்னு நெனச்சு ரெண்டு தடவை பால்கனிக் கம்பி மேல காலைத் தூக்கிப் போட்டுட்டா அண்ணே. நான் குளிக்கப் போகவே பயப்படுறேன். இதை வித்தாத்தான் தரையோட தரையா ஒரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியும். வர்றவன் எல்லாம் ஓடிப்போறான். எவன் கண்ணு பட்டுதோ."

ஆவுடையப்பன் தலையைக் குனிந்தார். பளிங்கில் அவர் முகமே தெரிந்தது.

திரும்பி வந்தபோது சாமி கீரை கடைந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். மத்தை நிறுத்தவில்லை.

"பொறாமை போச்சா?"

ஆவுடையப்பன் உள்ளே தேடிப் பார்த்தார்.

"போகல சாமி. அழுகையா வருது. அப்பவும் அந்தக் காத்து என்ன, வெளிச்சம் என்ன, காலைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது பளிங்கு. இன்னும் எரியுது. நான் உருப்படமாட்டேன். இது அடங்குற வரைக்கும் வாசல்ல உட்காரல. உள்ள இருந்து ஜபம் பண்றேன்."

"அது அடங்குறதுக்குள்ள அந்தம்மா எறங்கிரும். தட்டை எடுத்துட்டு வாசலுக்குப் போங்க."

சில நாள் கழித்து, கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். அதே கேள்வியைக் கேட்டார்.

ஆவுடையப்பனின் கை பழக்கத்தில் பழத்துக்குப் போனது. எடுத்தார். பார்த்தார். திரும்ப வைத்தார்.

"நல்ல வீடு."

"பால்கனியைப் பூட்டிச் சங்கிலி போட்டிருக்காங்களே. ஏதாவது அப்படி இப்படி..."

"பேயுமில்ல, பிசாசுமில்ல. அந்தம்மா என் கொழுந்தியா. ஞாபகம் தப்பிப்போச்சு. வெளிய எறங்கப் பாக்கறா. அதுக்குத்தான் பூட்டு."

மண்டபக்காரர் சிரித்தார். "ஓ, சொந்தமா? அப்ப நல்ல வீடுன்னுதானே சொல்வீங்க."

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் அடைத்து வைத்தது வாய்க்கு வந்துவிட்டது.

"நானா? அந்த வீட்டைப் பாத்துப் பாத்துத் தூக்கம் கெட்டவன்யா நான். செருப்புக்குப் பக்கத்துல எனக்கு எலை போட்டான். காவி கட்டியும் எரியுது. எனக்கு மட்டும் வக்கிருந்தா உங்ககிட்டப் பேசிக்கிட்டா இருப்பேன்? நேத்தே வாங்கியிருப்பேன்."

மண்டபக்காரர் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அந்தம்மாள் தலையை ஆட்டினாள். இருவரும் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனார்கள்.

சித்திரையில் குற்றாலிங்கம், கோமதியைக் கைப்பிடித்து மடத்துக்கு அழைத்து வந்தார். மாடி வீட்டை விற்று வாங்கியது அம்பத்தூர்ப் பக்கம் தரையோடு ஒரு வீடு, முன்னால் முற்றம். கோமதி கையில் ஒரு டப்பா வத்தல் இருந்தது.

சாமி காலில் விழுந்தார் குற்றாலிங்கம்.

"எவனோ கண்ணு வச்சிருந்தான் சாமி. நீங்கதான் கழிச்சு விட்டீங்க."

சாமி காலை இழுத்துக்கொண்டார்.

"நான் கீரைதான் கடைஞ்சேன். கண்ணு வச்சவருதான் கழிச்சும் விட்டாரு. அந்தா, இன்னும் வயிறெரிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு பாருங்க, நம்ம ஆவுடையப்பன் அண்ணாச்சி."