கொள்ளையர் படகின் முதல் ஒத்திகை

கடற்கொள்ளையனுக்கு ஒற்றைக் கண் என்று உலகம் நம்புவது பெரும்பிழை. எங்கள் கோட்டை விழாவில் கொள்ளையனாக நடிக்கவிருந்த மீனவர் சூசைக்கு இரண்டு கண்கள். இரண்டும் மதில்மேல் இருந்த பழைய பீரங்கியைப் பார்த்து மிரண்டன.

"நிஜக் குண்டுதான். படகுக்குப் பத்தடி தள்ளி விழும். மாட்டேன்னா இனி நீ கடலுக்கே போக முடியாது" என்றார் விழா அதிகாரி தணிகாசலம்.

சூசை கும்பிட்டார். "சரிங்கய்யா. ஆனா புதுப் படகு முதல்ல இறங்குறப்ப, உரிமையாளர் முன்னால உட்காராம எங்காளுங்க துடுப்பைத் தொடமாட்டாங்க. விழாவுக்குக் கட்டின படகு உங்களோடது. ஒத்திகைக்கு ஏறுங்க."

ஊரே பார்த்தது. அதிகாரி பீரங்கிக்காரரிடம் மெதுவாகக் கேட்டார்: "பத்தடி நிச்சயம்தானே?"

"இதுவரைக்கும் சுட்டுப் பார்த்ததில்லீங்க."

விழாவன்று பீரங்கிக்குப் பின்னால் ஒரு தவில்காரர் உட்கார்ந்திருந்தார்.