பன்னிரண்டு விளக்குகளும் கடலைப் பார்த்து

மீன்பிடித் துறைமுகத்தில் முப்பது மீட்டர் உயரத்துக்கு விளக்குக் கம்பம் நட்டார்கள். பொறுப்பு மின்பொறியாளர் கற்பகவல்லியுடையது. குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடர் இன்னாசிக்கு ஐம்பத்து நான்கு. கடலை விட்டுவிட்டு வயரைப் பிடித்தவர்.

வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான்.

"எந்தக் கோணத்துல வச்சா வெளிச்சம் ரொம்பத் தூரம் போவும், மேடம்?"

அவருக்கு அது பாடம் இல்லை, ஏக்கம். மூன்று வருஷத்துக்கு முன் மகன் சூசையை ஊர் பார்க்கக் கன்னத்தில் அறைந்தார். அன்றே பையன் மலபார் போகிற படகில் ஏறிவிட்டான். மலபார் போன படகுகள் இந்த வாரம் திரும்புவதாகச் சேதி. மனைவி தினமும் மாலையில் படகு அணையும் ஜெட்டியில் போய் நின்றாள். இன்னாசிக்கு ரோஷம். படகு வரும் நேரத்தில் ஜெட்டிப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார்.

"நீங்களே வச்சுப் பாருங்க, அண்ணாச்சி" என்றார் கற்பகவல்லி.

கம்பத்துக்கு வேண்டிய பன்னிரண்டு விளக்குகளையும் இன்னாசி குறுகிய கோண விளக்காகவே பொறுக்கினார். பதினைந்து டிகிரி. அத்தனையையும் கடலைப் பார்த்துத் திருப்பி மாட்டினார். பொழுது சாய்ந்ததும் வெளிச்சம் கடலுக்குள் பாய்ந்தது. மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கற்பகவல்லி அவரை வள்ளத்தில் ஏற்றி முகத்துவாரத்துக்கு வெளியே கூட்டிப்போனார்.

"திரும்பிப் பாருங்க. என்ன தெரியுது?"

இன்னாசி கையால் கண்ணை மறைத்தார். "விளக்கு."

"ஜெட்டி?"

"கண்ணு கூசுது. ஒண்ணும் புரியல."

"உங்க வீட்டு அக்கா நிக்காங்களா?"

"தெரியலயே, மேடம்."

மறுநாள் கம்பத்தின் உச்சியில் விளக்குகளைத் தாங்கும் வளையத்தைக் கீழே இறக்கினார்கள். கற்பகவல்லி அகலக் கோண விளக்குகளை மாட்டி, ஜெட்டி முழுக்க ஒளி சீராக விழும்படி சாய்த்துவைத்தார். மாலையில் மறுபடி வள்ளம். இப்போது ஐஸ் பெட்டிகள் தெரிந்தன. வலைக் குவியல் தெரிந்தது. ஓரத்தில், முந்தானையை இழுத்துப் பிடித்தபடி மனைவி.

"எல்லாம் தெரியுது. ஆனா கடலு இருட்டாயிட்டே, மேடம். எம்மவன் அங்க இருந்துல்லா வரணும்."

"அவனுக்குக் கடல் தெரியும், அண்ணாச்சி. கரையில யாரு நிக்கான்னுதான் தெரியாது" என்றார் கற்பகவல்லி. "நாளைக்கு நீங்க வள்ளத்துல ஏற வேண்டாம். அக்கா பக்கத்துல போய் நில்லுங்க."