சொல்லாத காரணம்

அட்வகேட் ஜெனரல் சடகோபன் மாநில அரசுக்கே வக்கீல். செங்கோடன் என்ற விவசாயியின் நிலத்தை அரசு பறித்த வழக்கில் பதினேழு வாய்தா வாங்கியவர்.

"இதுவரை சொல்லாத காரணம் ஒண்ணு வேணும்யா!" என்று குமாஸ்தா மாசிலாமணியை விரட்டினார்.

மாசிலாமணி கேஸ் கட்டைப் புரட்டினார். "காய்ச்சல், ஃபைல் காணோம், டெல்லிப் பயணம், எல்லாம் சொல்லியாச்சுங்க ஐயா. நியாயம் செங்கோடன் பக்கம்தான்னு மட்டும் இன்னும் சொல்லலை."

சடகோபன் கவுனை மாட்டினார். கோர்ட்டில் அதையே சொன்னார். நிலத்தைத் திருப்பித் தரச் சொன்ன நீதிபதி, "செங்கோடன் வந்திருக்காரா?" என்றார்.

டவாலி மூன்று முறை கூப்பிட்டார். செங்கோடனின் மனைவி எழுந்தார்.

"பத்தாவது வாய்தா வரைக்கும் தவறாம வந்தாருங்க."